பொடோனியைக் கையில் எடுப்பதற்கு முன்

நான் டிசைன் வேலைக்கு வந்த முதல் வருடம் செய்த கலியாணக் காட் ஒன்று இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. வெள்ளவத்தைக் குடும்பம். கடதாசி சொரசொரப்பாக, கையால் செய்தது போல இருக்க வேண்டும், எழுத்துப் பொன் நிறத்தில் வர வேண்டும் என்று கேட்டார்கள். நான் ஆங்கிலப் பக்கம் முழுவதையும் பொடோனி என்ற ஆங்கில எழுத்துருவில், 8 பொயின்ட்டில் அடுக்கினேன். திரையில் பெருப்பித்துப் பார்த்தபோது அவ்வளவு வடிவு. அச்சாகி வந்த 300 காட்டிலும் ஆங்கிலச் சின்ன 'ஈ' (e) எல்லாம் சின்ன 'சீ' (c) ஆகியிருந்தது, ஏனென்றால் அந்த எழுத்தின் குறுக்குக்கோடு கடதாசியின் குழிகளுக்குள் போய் மறைந்துவிட்டது. பெண்ணின் அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "தம்பி, எழுத்தைக் கறையான் திண்ட மாதிரியெல்லோ கிடக்கு" என்றார்.

அச்சடித்தவர்கள் ஒரு பிழையும் விடவில்லை. பிழை என்னுடையது.

பொடோனியைப் பற்றிப் புதிதாக வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த மெல்லிய கோடு ஒன்றைத்தான். எந்த அளவில் வைப்பது, எந்தக் கடதாசி, பக்கத்தில் என்ன தமிழ் எழுத்துரு என்று நீங்கள் எடுக்கப்போகும் எல்லா முடிவும் அந்தக் கோடு தப்புமா தப்பாதா என்ற கேள்வியில்தான் வந்து நிற்கும். சரி, வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் பெரிதாக வைத்துப் பாருங்கள்

வேர்டைத் திறந்து உங்கள் பெயரை ஆங்கிலத்தில் 150 பொயின்ட் அளவில் இரண்டு தரம் அடியுங்கள். ஒன்று டைம்ஸ் நியூ ரோமன், மற்றது பொடோனி. மைக்ரோசொஃப்ட் ஒபிஸ் போட்ட பல கணினிகளில் 'பொடோனி எம்டி' இருக்கும். இல்லாவிட்டால் கூகுள் ஃபொன்ட்ஸில் 'பொடோனி மோடா' இலவசம்.

இப்போது வட்டமான 'ஓ'வைப் பாருங்கள். டைம்ஸில் அதன் தடிப்பு, கையால் பேனை பிடித்து எழுதியது போலக் கொஞ்சம் சரிந்து இருக்கும். பொடோனியில் இரண்டு பக்கமும் நேர் செங்குத்தாகத் தடித்து, உச்சியிலும் அடியிலும் மட்டும் முடி போல மெலியும். அடுத்தது, எழுத்தின் காலடியில் வரும் சின்னக் கோடு, அதாவது செரிஃப். டைம்ஸில் அது தண்டிலிருந்து வளைந்து இறங்கும். பொடோனியில் மெல்லிய தகடு ஒன்றைத் தண்டுக்குக் கீழே செருகிவைத்தது போல நேராக நிற்கும். சின்ன 'ஏ', சின்ன 'வை' ஆகியவற்றின் நுனியில் மிளகு மாதிரி ஓர் உருண்டை இருக்கும். எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்பதும் விருப்பத்துக்கு வைத்ததல்ல. பெரிய 'ஏ'யில் இடக்கால் மெல்லியது, வலக்கால் தடித்தது. 'யூ'வில் இடம் தடிப்பு, வலம் மெலிவு. 'என்'னில் இரண்டு தண்டும் மெல்லியவை, குறுக்கே சரியும் கோடுதான் தடிப்பு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பெயர்ப்பலகை பற்றிச் சொல்லும்போது திரும்ப வரும்.

இந்த வடிவத்துக்குக் காரணம் இருக்கிறது. ஜம்பத்திஸ்தா பொடோனி 1740இல் இத்தாலியின் சலூட்ஸோவில் பிறந்தவர். ரோமில் திருச்சபையின் அச்சுக்கூடத்தில் வேலை பழகி, 1768இல் பார்மா நகரின் கோமகன் நடத்திய அச்சுக்கூடத்துக்குப் பொறுப்பாகப் போனார். (இடையில் ஒன்று: அவர் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பே, 1737இல், இங்கே கொழும்பில் ஒல்லாந்தர் அச்சுக்கூடத்தில் சிங்கள எழுத்தில் நூல் அச்சாகிவிட்டது.) இங்கிலாந்தில் ஜோன் பாஸ்கர்வில் மழமழப்பான கடதாசி, நல்ல கறுப்பு மை, அச்சடித்த தாளைச் சூட்டோடு அழுத்தி மினுக்குவது என்று ஒவ்வொன்றாகச் செய்துபார்த்திருந்தார். கடதாசி மழமழப்பானதால் மெல்லிய கோடும் அதில் நின்றது. பாரிஸில் ஃபெர்மன் டிடோவும் பார்மாவில் பொடோனியும் அந்த வழியில் போகக்கூடிய தூரம் போனார்கள். பொடோனி 1813இல் இறந்தார். அவருடைய எழுத்துகளின் மாதிரிப் புத்தகத்தை மனைவி மார்கரீத்தா 1818இல் இரண்டு பாகங்களாக வெளியிட்டார்.

ஆக, இது நல்ல கடதாசியை நம்பிப் பிறந்த எழுத்து. ஒரு கோமகன் செலவு பார்க்காமல் பணம் போட்ட அச்சுக்கூடத்தில், பெரிய தாளில், நிறைய வெள்ளை இடம் விட்டு அச்சிட்டது. அதைக் கொண்டுவந்து ரியூசன் வகுப்பு நோட்டீசில் 7 பொயின்ட்டில் வைத்துவிட்டு எழுத்துச் சரியில்லை என்று சொல்லக்கூடாது.

எந்தப் பொடோனி?

பொடோனி என்பது ஒரே ஒரு எழுத்துரு இல்லை. அவர் வெட்டிய எழுத்துகளைப் பார்த்துப் பிறகு பலர் பலவிதமாகச் செய்தார்கள். அமெரிக்காவில் மொரிஸ் புல்லர் பென்டன் 1909 அளவில் செய்தது கொஞ்சம் முரடு, அன்றாட அச்சு வேலையைத் தாங்கும். கூகுள் ஃபொன்ட்ஸில் உள்ள 'லிப்ரே பொடோனி' இந்த வழியில் வந்தது. ஜேர்மனியில் ஹைன்ரிஹ் யோஸ்ட் 1926இல் செய்த 'பவர் பொடோனி' மிக நளினமானது, பெரிய அளவுக்குத்தான் சரி. 1994இல் வந்த 'ஐடிசி பொடோனி'க்காகச் சம்னர் ஸ்டோன் தலைமையிலான குழு பார்மாவுக்கே போய் மூல அச்சுக்களைப் பார்த்து, மூன்று தனித்தனி வெட்டுகளாக, அதாவது ஒவ்வோர் அளவுக்கும் ஏற்றபடி வரைந்த வடிவங்களாகச் செய்தது: ஆறு, பன்னிரண்டு, எழுபத்திரண்டு.

இந்த இலக்கங்கள்தான் புதியவர்கள் கவனிக்காமல் விடுவது. மாக் கணினி வைத்திருப்பவர்களுக்கு 'பொடோனி 72' என்று ஒன்று வாங்கும்போதே வந்திருக்கும். அந்த 72 பெயரை அலங்கரிக்க வைத்ததல்ல; 72 பொயின்ட் அளவுக்கு வெட்டியது என்று அர்த்தம். அதை 9 பொயின்ட்டில் வைத்து ஒரு முழுப் புரொஷர் செய்து கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், சப்பாத்துக் கடையில் பார்வைக்கு வைத்த சோடியைப் போட்டுக்கொண்டு கொள்ளுப்பிட்டிச் சந்தைக்குப் போனது போல.

ஈய அச்சுக் காலத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. ஒவ்வோர் அளவுக்கும் தனியாக எழுத்து வெட்ட வேண்டியிருந்ததால், சின்ன அளவுக்கு வெட்டும்போது மெல்லிய கோட்டைக் கொஞ்சம் தடிப்பாக வெட்டுவார்கள். கணினி வந்த பிறகு ஒரே வரைபடத்தைச் சுருக்கியும் விரித்தும் எல்லா அளவுக்கும் போடுகிறோம், கோடும் சேர்ந்து சுருங்குகிறது.

அதனால் நான் புதியவர்களுக்குச் சொல்வது, பொடோனி மோடாவில் தொடங்குங்கள். அதில் 6 முதல் 96 வரை அளவுக்கேற்ற வெட்டு உள்ளேயே இருக்கிறது. பெரிய தலைப்புக்கு 96 பக்கம், சின்ன எழுத்துக்கு 6 பக்கம். இணையப் பக்கத்தில் பிரவுசரே எழுத்தின் அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும், அந்த வசதியுள்ள கோப்பை நீங்கள் கேட்டு எடுத்திருந்தால். வடிவமைப்பு மென்பொருளில் 'ஒப்டிகல் சைஸ்' என்ற இடத்தில் ஒருமுறை கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கணக்கு

இது சலிப்பான பகுதி, ஆனால் ஒருமுறை போட்டுப் பார்த்தால் வாழ்நாள் முழுக்க மறக்காது. பெரிய தலைப்புக்கான ஒரு வெட்டில் மெல்லிய கோடு எழுத்தின் அளவில் நூற்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும், கணக்குக்காகத்தான். 8 பொயின்ட் எழுத்தில் அந்தக் கோடு 0.08 பொயின்ட். 600 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி வைக்கும் லேசர் பிரின்டரின் ஒரு புள்ளியே 0.12 பொயின்ட், அதாவது 0.04 மில்லிமீற்றர் அளவில். பிரின்டரிடம் அரைப் புள்ளி கிடையாது; ஒன்றில் கோட்டைத் தடிப்பாக்கும், இல்லாவிட்டால் சில இடத்தில் விட்டுவிடும். ஒப்செட் பிளேட் இதைவிட நுணுக்கமானது, கோடு பிளேட்டில் வரும், ஆனால் கடதாசியில் நிற்க வேண்டுமே. பொதுவாக 0.25 பொயின்ட்டுக்குக் குறைந்த கோட்டை நம்பாதே என்பதுதான் அச்சு வேலையில் பழகிய கணக்கு. அப்படியென்றால் இந்த வெட்டை 25 பொயின்ட்டுக்குக் கீழே கொண்டுவரக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு.

கடதாசியும் மையும்

ஆர்ட் போர்ட், மழமழப்பான ஐவரி போர்ட் இரண்டும் பொடோனிக்கு நல்லது. சொரசொரப்பான கடதாசி, பத்திரிகைக் கடதாசி, பழுப்பு கிராஃப்ட் மூன்றிலும் பெரிய தலைப்பை மட்டும் வைக்கலாம், மற்றதெல்லாம் வேறு எழுத்துருவில்.

ஃபொயில் கேட்டால் அச்சகத்தில் பேசிவிட்டு வடிவமையுங்கள், வடிவமைத்துவிட்டுப் பேசாதீர்கள். சூடான அச்சு பொன் தாளைக் கடதாசியில் ஒட்டும்போது மெல்லிய கோடு சில இடத்தில் ஒட்டாமல் வரும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கோட்டுக்கு இடையில் பொன் அடைத்துக்கொண்டும் வரும். ஒரு காட்டில் ஒன்று, அடுத்த காட்டில் மற்றது.

கறுப்பு எழுத்துக்குத் தனிக் கறுப்பு மை மட்டும் போடுங்கள். நான்கு நிறத்தையும் கலந்து கறுப்பாக்கினால், பிளேட்டில் ஒன்று ஒரு மயிரிழை விலகினாலும் மெல்லிய கோட்டின் ஓரத்தில் நீலமோ சிவப்போ எட்டிப் பார்க்கும். கரும்பின்னணியில் வெள்ளை எழுத்து இன்னும் ஆபத்தானது, மை பரவி உள்ளே வந்து கோட்டை மூடிவிடும். அப்படித்தான் வேண்டும் என்றால் ஒரு படி சின்ன அளவுக்கான வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் கோடு தடிப்பு.

இடம் விடுங்கள்

பொடோனியில் தடித்த தண்டுகள் செங்குத்தாக வரிசையில் நிற்பதால், நெருக்கி வைத்த ஒரு பந்தியைப் பார்த்தால் யன்னல் கம்பிக்குள்ளால் தெருவைப் பார்ப்பது போலக் கண் கூசும். வரி இடைவெளியைத் தாராளமாகக் கொடுங்கள்; 10 பொயின்ட் எழுத்துக்கு 14, 15 கூடப் பரவாயில்லை. நீண்ட கட்டுரையை இதில் வைக்க வேண்டாம் என்பதுதான் என் நிலைப்பாடு, வைக்கலாம் என்று வாதாடுபவர்களும் இருக்கிறார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து (A, B, C) மட்டும் வரும் சொல்லென்றால் எழுத்துகளுக்கு இடையில் கொஞ்சம் காற்று விடுங்கள். ஆங்கிலச் சின்ன எழுத்தில் (a, b, c) பெரிய தலைப்பென்றால் மாறாக இலேசாக நெருக்கலாம், ஆனால் இரண்டு செரிஃப் முட்டாமல்.

பக்கத்தில் தமிழும் சிங்களமும்

கொழும்பில் ஒரு காட்டோ பலகையோ செய்தால் மூன்று மொழி வரும். இங்கேதான் எனக்குக் கோபமும் வரும். காலி வீதியில் நடந்துபோய்ப் பாருங்கள்: ஆங்கிலப் பெயர் பொன் நிறத்தில் பொடோனியில் இராசா மாதிரி நிற்கும், அதற்குக் கீழே தமிழ், கணினியில் வந்த ஏதோ ஓர் எழுத்துருவில், பக்கவாட்டில் நசுக்கி, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாக. ஆங்கிலத்துக்கு ஒரு கிழமை யோசித்தவர்கள் தமிழுக்கு ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை என்று தெருவுக்கே தெரியும்.

செய்ய வேண்டியது இதுதான். தமிழுக்கும் தடிப்பு மெலிவு உள்ள எழுத்துரு ஒன்றை எடுங்கள். 'நோட்டோ செரிஃப் தமிழ்' பல தடிப்புகளில் இருக்கிறது, 'டீரோ தமிழ்' புத்தக எழுத்துப் போல அழகானது. இரண்டும் இலவசம். பொடோனி அளவுக்கு மெலிவு இவற்றில் இல்லை, இருக்கவும் வேண்டாம். தமிழ் எழுத்தின் சுழிகளை மெலியவைத்தால் முதலில் காணாமல் போவது அவைதான். 'ண'வும் 'ன'வும் சுழியின் எண்ணிக்கையில்தானே வேறுபடுகின்றன.

அளவைப் பொயின்ட் இலக்கத்தை வைத்து ஒப்பிடாதீர்கள். 'ப'வின் உயரத்தை ஆங்கிலச் சின்ன எழுத்தின் உயரத்தோடு வைத்துக் கண்ணால் பாருங்கள். ஒரே இலக்கத்தில் தமிழ் பெரும்பாலும் பெரிதாகத் தெரியும், நான் வழமையாகப் பத்திலொரு பங்கு குறைத்துத் தொடங்குவேன். ஆங்கிலத்துக்கு விட்ட எழுத்திடைவெளியைத் தமிழுக்கு விடவே வேண்டாம். 'கொழும்பு' என்று அடித்து இடைவெளியைக் கூட்டிப் பாருங்கள்: சில மென்பொருளில் கொம்பு ஒரு பக்கம், 'க' நடுவில், கால் இன்னொரு பக்கம் என்று ஒரே எழுத்து மூன்றாகப் பிரிந்து நிற்கும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடிப்பவர்களுக்கு இது நிச்சயம் நடக்கும், அங்கே அவை தனித்தனி எழுத்துகள்தான்.

சிங்களத்துக்கு 'அபய லிப்ரே' பொடோனியோடு ஒத்துப்போகும். அதிலும் தடிப்பு மெலிவு உண்டு. ஆனால் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள், எனக்கே ஒருமுறை 'பில்ல' (எழுத்தோடு சேரும் உயிர்க்குறி) ஒன்று இடம்மாறிப்போனது.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. பொடோனியின் இலக்கங்கள் பேரழகு, முக்கியமாக 2, 3, 5. தமிழ்க் காட்டிலும் நாம் இந்த இலக்கங்களைத்தானே எழுதுகிறோம்? அழைப்பிதழ் முழுவதையும் தமிழ் எழுத்துருவில் அடுக்கிவிட்டு, திகதியை மட்டும் பொடோனியில் 60, 70 பொயின்ட்டில் நடுவில் வையுங்கள். ஆங்கிலப் பக்கத்தில் பெண்ணின் பெயருக்கும் மாப்பிள்ளையின் பெயருக்கும் நடுவில் வரும் 'அன்ட்' குறியைச் சரிந்த பொடோனியில் வையுங்கள். இரண்டு இடத்தில் வைத்தாலே போதும், காட் முழுக்கப் பொடோனி இருப்பது போலத் தோன்றும்.

பெயர்ப்பலகை

அழகுசாதனக் கடை, நகைக்கடை, உடுப்புக்கடை எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள், வோக் என்ற ஆடையலங்கார இதழின் தலைப்பைக் காட்டி. (அது பாரிஸ் டிடோவின் வகை. பொடோனிக்கு மாமன் மகன் என்று சொல்லலாம்.) பகலில் பிரச்சினை இல்லை. உள்ளே எல்ஈடி வைத்த எழுத்தென்றால் தடித்த பகுதிக்குள் மட்டுந்தான் விளக்குப் பொருந்தும், நாலைந்து மில்லிமீற்றர் கோட்டுக்குள் எதை வைப்பது? இரவில் 'எச்'சின் குறுக்குக்கோடு மறைந்து இரண்டு தூண் மட்டும் நிற்கும், 'ஈ' ஒற்றைத் தூணாகும், 'என்' சரிந்த ஒரு கோடாகும். முன்னால் நின்று வாசிக்கச் சொன்னால் ஒருவராலும் முடியாது. விளக்கை எழுத்துக்குப் பின்னால், சுவரில் ஒளி விழும்படி வைக்கச் சொல்லுங்கள், அல்லது சின்ன அளவுக்கான வெட்டைப் பெருப்பித்துப் பயன்படுத்துங்கள். வாடிக்கையாளர் முறைத்தாலும் பரவாயில்லை.

அனுப்புவதற்கு முன் இரண்டு சோதனை

ஒன்று, போட்டோக்கொப்பி. உண்மையான அளவில் பிரின்ட் எடுத்து, அதைக் கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியை இன்னொரு கொப்பி எடுங்கள். மூன்றாவதில் 'ஈ' இன்னும் 'ஈ'யாக இருந்தால் பயமில்லை. மற்றது வட்ஸ்அப். இப்போது அழைப்பிதழைப் படமாகத்தான் கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்புகிறார்கள், வட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது மெல்லிய கோடு முதலில் கலங்கும். உங்களுக்கே ஒருமுறை அனுப்பி, குறைந்த விலைப் போன் ஒன்றில் திறந்து பாருங்கள். கலங்கினால் படமாக அனுப்பாமல் பீடிஎஃப் கோப்பாக, 'டொகியுமென்ட்' வழியாக அனுப்பச் சொல்லுங்கள். அப்பம்மா அதைத் திறக்கமாட்டார் என்றால் போனுக்கென்றே பெரிய எழுத்தில் இன்னொன்று செய்துகொடுங்கள்.

மருந்துப் பெட்டி, கோயில் நோட்டீஸ், பஸ் நேர அட்டவணை, பாடசாலை டியூட், வங்கிப் படிவம் எதிலும் இதை வைக்க வேண்டாம், காரணம் இனித் தெரிந்திருக்கும்.

சொரசொரப்பான கடதாசி, பொன் எழுத்து, பொடோனி மூன்றும் சேர்ந்துதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது வருவார்கள். நான் வாதாடுவதில்லை. லாச்சியைத் திறந்து அந்தப் பழைய காட்டை எடுத்து மேசையில் வைப்பேன், மண்டபத்தின் முகவரியை வாசிக்கச் சொல்வேன். பெரும்பாலும் இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டு, மழமழப்புக் கடதாசி என்ன விலை என்று கேட்பார்கள்.